பள்ளிக்கரணையில் ஒரு காலை: வருவதற்கு முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை விடியலில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போய்வருவது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள், யாரோ சொல்லிக் கேட்டவர்கள் என்று வாரம் நான்கைந்து பேர் சேர்ந்துகொள்கிறார்கள். சனிக்கிழமை இரவு 11 மணிக்குத் தொலைபேசியில் அவர்கள் கேட்பவை எல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தாம். ஆகவே ஒருமுறை எழுதி வைத்துவிடுகிறேன். இதைப் படித்துவிட்டுத் தூங்குங்கள்; காலை 5 மணிக்கு எழ வேண்டும்.

பள்ளிக்கரணையா? அது குப்பை கொட்டுகிற இடமல்லவா?

குப்பை கொட்டுகிற இடமும்தான். பெருங்குடிக் குப்பைக்கிடங்கு இந்தச் சதுப்பின் மேல்தான் வளர்ந்தது. பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றும் வேலை சில ஆண்டுகளாக நடக்கிறது. ஆனால் இந்த இடத்தின் கதை குப்பையில் தொடங்கவில்லை. தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழிந்தால் தண்ணீர் வந்து தங்கும் பள்ளம் இது. சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை இங்கே சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் கழிமுகத்தில் கடலைத் தொடுகிறது. நன்னீரும் கொஞ்சம் உவர்நீரும் கலந்த கடலோரச் சதுப்பு. பழைய ஆட்கள் இதைக் 'கழுவெளி' என்றார்கள். எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கும். 'சதுப்புநிலம்' என்றால் பாடப்புத்தகத்தில் படித்தது போல இருக்கிறது. கழுவெளி என்றால் காலில் சேறு ஒட்டுகிறது.

எந்த மாதத்தில் வந்தால் நிறையப் பறவைகளைப் பார்க்கலாம்?

எல்லாரும் மாதத்தைக் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது தண்ணீர் எவ்வளவு ஆழம் என்பதை. எனக்கு இது புரியவே மூன்று பருவம் ஆனது. பறவைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, 'போன ஜனவரியில் இருந்த உள்ளான்கள் இந்த ஜனவரியில் எங்கே?' என்று விழித்துக்கொண்டிருந்தேன். உள்ளான்கள், அதாவது ஈரச் சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகள், வலசை வராமல் இல்லை. அவற்றின் காலுக்குத் தோதான ஆழத்தில் தண்ணீர் இல்லை, அவ்வளவுதான்.

இப்படிப் பாருங்கள். கொசு உள்ளான் என்று ஒரு சிறு பறவை. எடை 20, 25 கிராம்தான் இருக்கும். வடதுருவத்தை ஒட்டிய தரிசு நிலங்களில் குஞ்சு பொரித்துவிட்டு இத்தனை தூரம் வருகிறது. அதற்கு வேண்டியது ஈரச் சேறும் விரல்கணு ஆழத் தண்ணீரும். பொறி உள்ளானுக்கு இன்னும் கொஞ்சம் ஆழம் சரிப்படும். நெடுங்கால் உள்ளானின் சிவந்த கால் ஏறக்குறைய ஒரு சாண். அது அந்தச் சாண் ஆழம்வரை தைரியமாக இறங்கும். அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், மஞ்சள் மூக்கு நாரை என்று போகப்போக ஆழம் கூடும். தட்டைவாயன், நீலச்சிறகி, ஊசிவால் வாத்து ஆகியவை மிதந்தபடி தலையை நீருக்குள் கவிழ்த்து மேய்கிறவை. கழுத்து எட்டுகிற இடத்தில் இரை இருந்தால்தான் அவற்றுக்குப் பயன். ஊசிவால் வாத்துக்குக் கழுத்து நீளம், ஆகவே நீலச்சிறகி எட்டாத இடத்திலும் அது மேயும். கூழைக்கடாவுக்கும் நீர்க்காகத்துக்கும் மீன் இருந்தால் சரி, ஆழம் பொருட்டே இல்லை.

இப்போது மாதத்துக்கு வருவோம். சென்னைக்கு ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. ஆகவே நவம்பர், டிசம்பரில் கழுவெளி தளும்பி நிற்கும். நாமக்கோழி, முக்குளிப்பான், கூழைக்கடா ஆகியவற்றின் காலம் அது. ஜனவரி, பிப்ரவரியில் ஓரங்கள் வடியத் தொடங்கும். ஆழமும் உண்டு, சேறும் உண்டு. புதிதாக வருகிறவர்களுக்கு இதுதான் ஏற்ற காலம், இரண்டு கூட்டத்தையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம். மார்ச்சில் சேறு விரியும்போது உள்ளான்கள் குவியும். வடக்கே திரும்பிப் போவதற்கு முன் உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொள்ளும் அவசரம் அவற்றுக்கு.

மழை பொய்த்தால் இந்த வரிசை முழுவதும் முன்னே நகரும். பெருமழை பெய்தால் பின்னே தள்ளிப்போகும். நான் பார்க்கும் இடத்தில் தண்ணீருக்குள் ஒரு பழைய சிமென்ட் கம்பம் நிற்கிறது. ஆண்டாண்டாகத் தண்ணீர் ஏறி இறங்கியதில் அதில் நான்கு கறைக்கோடுகள் விழுந்திருக்கின்றன. வந்தவுடன் நான் பார்ப்பது பறவையை அல்ல, அந்தக் கம்பத்தை. இரண்டாவது கோட்டுக்குக் கீழே தண்ணீர் இருந்தால் உள்ளான் உண்டு. மேலே ஏறிவிட்டால் வாத்துகளை நம்பிக் காத்திருக்க வேண்டியதுதான். நீங்களும் உங்களுக்கு ஒரு கம்பத்தையோ கல்லையோ அடையாளம் பிடித்துக்கொள்ளுங்கள்.

எத்தனை மணிக்கு வர வேண்டும்? எங்கே நிற்க வேண்டும்?

ஜனவரியில் சூரியன் 6:30 மணியளவில் எழும். 6 மணிக்கு நின்றுகொண்டிருக்க வேண்டும். அந்த அரை மணி நேரம் காதுக்கு உரியது. கோரைக்குள்ளிருந்து தாழைக்கோழி கரகரப்பாகக் கூவும். இரவு முழுவதும் மீன் பிடித்த வக்காக்கள் 'வக்', 'வக்' என்று ஒற்றைச் சொல் சொல்லியபடி தலைக்கு மேல் அடையப் போகும். அதே நேரத்தில் நீர்க்காகங்கள் வேலைக்கு வரும். இரவுப் பணியாளர்களும் பகல் பணியாளர்களும் தொழிற்சாலை வாசலில் கடந்துபோவது போல இருக்கும்.

இடத்தைப் பற்றி ஒரு தவற்றை ஒப்புக்கொள்கிறேன். முதல் ஆண்டு முழுக்க வேளச்சேரி–தாம்பரம் சாலை ஓரத்திலிருந்து பார்த்தேன். அது சதுப்பின் மேற்கு விளிம்பு. காலையில் அங்கே நின்றால் சூரியன் நேராக முகத்தில் அடிக்கும். எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான். நாமக்கோழியையும் வாத்தையும் ஒன்றாக எண்ணி எழுதிய பக்கங்கள் இன்னும் என் குறிப்பேட்டில் இருக்கின்றன. பிறகு ஒரு பெரியவர் சொன்னார்: "தம்பி, பறவையைத் தேடுமுன் சூரியன் எங்கே என்று பார்." பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலை சதுப்பைக் கிழக்கு மேற்காக வெட்டிக்கொண்டு போகிறது. பனிக்காலத்தில் சூரியன் தென்கிழக்கிலிருந்து எழுவதால், அந்தச் சாலை ஓரத்தில் நின்று வடக்கே பார்த்தால் வெளிச்சம் முதுகுப் பக்கத்திலிருந்து விழும். வாத்தின் சிறகில் இருக்கும் பச்சைப் பட்டை அப்போதுதான் பச்சையாகத் தெரியும்.

அது வேகமான சாலை. கண்ட இடத்தில் காரை நிறுத்தாதீர்கள். நடைபாதையை விட்டு இறங்காதீர்கள். வனத்துறையின் பூங்கா ஒன்றும் அங்கே உண்டு. நேரத்தையும் கட்டணத்தையும் முதல் நாளே விசாரித்துக்கொண்டு உள்ளே போகலாம். வேடிக்கை என்னவென்றால், லாரியும் பஸ்ஸும் இரைந்துகொண்டு போனாலும் பறவைகள் தலை தூக்குவதில்லை. ஒரு மனிதன் வண்டியிலிருந்து இறங்கி நான்கடி நடந்தால் அத்தனையும் எழுந்துவிடும். அவை பயப்படுவது சத்தத்துக்கு அல்ல, இரண்டு காலில் நடக்கும் உருவத்துக்கு.

பைனாகுலர் இல்லாமல் வரலாமா?

வரலாம். என்னிடம் இருப்பதை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம். வாங்குவதென்றால் 8x42 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது. 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். முன்கண்ணாடி அகலமாக இருந்தால் விடியல் வெளிச்சத்திலும் தெளிவாகத் தெரியும். 10 மடங்கு வாங்கினால் இன்னும் நன்றாகத் தெரியும் என்று கடைக்காரர் சொல்வார். கை நடுக்கமும் 10 மடங்காகும் என்பதைச் சொல்லமாட்டார்.

வெள்ளையாக நிற்பதெல்லாம் கொக்குதானே?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். சென்னையில் வெள்ளைப் பறவை என்றால் கொக்கு. கொஞ்சம் உயரமாக இருந்தால் நாரை. தமிழில் 'நாரை' என்ற சொல்லையும் தாராளமாகப் பயன்படுத்திவிட்டோம். சாம்பல் நாரையும் செந்நாரையும் உண்மையில் கொக்கின் குடும்பம். மஞ்சள் மூக்கு நாரை, நத்தை குத்தி நாரை ஆகியவை வேறு குடும்பம். பெயரைப் பார்த்து உறவு சொல்ல முடியாது.

பறக்கும்போது கழுத்தைப் பாருங்கள். கழுத்தை மடக்கித் தோளுக்குள் இழுத்துக்கொண்டு பறந்தால் கொக்குக் குடும்பம். கழுத்தை நீட்டிக்கொண்டு பறந்தால் நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பூநாரை இவற்றில் ஒன்று. இந்த ஒரு விதி கைக்கு வந்தால் பாதித் தொல்லை தீரும்.

இனி வெள்ளைக் கொக்குகளுக்குள். சின்னக் கொக்குக்கு அலகு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். சேற்றிலிருந்து காலைத் தூக்கும்போது மஞ்சள் காலுறை மாட்டியது போலத் தெரியும். அந்தப் பாதத்தைத் தண்ணீருக்குள் அசைத்து மீனைக் கலைத்துப் பிடிக்கும். உண்ணிக்கொக்கு குட்டையானது, கழுத்துத் தடித்தது, அலகு மஞ்சள். மாடுகளுக்குப் பின்னால் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள், குப்பைக்கிடங்கின் ஈக்களும் அதற்குப் பிடிக்கும். பெரிய கொக்குக்குக் கழுத்து அளவுக்கு மீறி நீளம். நடுவில் முறிந்து ஒட்டியது போல ஒரு வளைவு. வாய்க்கோடு கண்ணுக்குப் பின்னாலும் நீளும். நடுத்தரக் கொக்கு பெயருக்கு ஏற்றபடி சின்னக் கொக்குக்கும் பெரிய கொக்குக்கும் நடுவில். வாய்க்கோடு கண்ணோடு நின்றுவிட்டால் அதுதான். அலகின் நிறத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். இனப்பெருக்கக் காலத்தில் பெரிய கொக்கின் மஞ்சள் அலகு கறுத்துப்போகும். முதல் இரண்டு ஆண்டுகள் இது என்னைப் படாதபாடு படுத்தியது.

மடையான் இன்னொரு கதை. நிற்கும்போது சேற்றோடு சேறாகப் பழுப்பு நிறம். காலடியில் இருந்தாலும் தெரியாது. எழுந்து பறந்தால் இறக்கை பளீரென்று வெள்ளை. புதிதாக வந்தவர்கள் 'தரையிலிருந்து ஒரு வெள்ளைப் பறவை முளைத்தது' என்று சொல்வது இதைத்தான்.

பள்ளிக்கரணையில் மட்டும் காணப்படும் இன்னொரு வெள்ளைப் பறவையும் உண்டு: பிளாஸ்டிக் பை. கோரையில் சிக்கிக் காற்றில் அசையும் ஒன்றைப் பத்து நிமிடம் பெரிய கொக்கு என்று நான்கு பேருக்கு விளக்கியிருக்கிறேன்.

தமிழ்ப் பெயரா, ஆங்கிலப் பெயரா? எதைக் கற்றுக்கொள்வது?

இரண்டையும். தமிழ்ப் பெயரில் ஒரு சிக்கல்: ஒரே பறவைக்கு மூன்று நூல்களில் மூன்று பெயர் இருக்கும். ஒரு லாபமும் உண்டு: பெயரிலேயே பறவை இருக்கும். நெற்றியில் வெள்ளைப் பட்டை தெரிந்தால் நாமக்கோழி. மனிதன் வந்தால் ஊரைக் கூட்டினால் ஆள்காட்டி. நீரில் நொடிக்கொரு முறை மூழ்கினால் முக்குளிப்பான். தண்ணீருக்கு மேல் கழுத்து மட்டும் பாம்பு போல வளைந்து போனால் பாம்புத்தாரா. பெயர் சூட்டியவர்கள் பைனாகுலர் இல்லாமல் நன்றாகப் பார்த்திருக்கிறார்கள்.

பெயர் தெரியாத பறவையைப் பார்த்தால் உடனே நூலைப் புரட்டலாமா?

கூடாது. நூலைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தால் பறவை போயிருக்கும். முதலில் அளவு: காகத்தைவிடப் பெரிதா, மைனாவைவிடச் சிறிதா? அடுத்து அலகு. அடுத்து அது என்ன செய்கிறது. கடைசியாகத்தான் நிறம். கரண்டிவாயன் தலையை இடமும் வலமுமாக வீசி நீரைத் துழாவும். மஞ்சள் மூக்கு நாரை அலகைப் பாதி திறந்து நீருக்குள் வைத்துக்கொண்டு, மீன் பட்டதும் மூடும். அதற்குக் கண் தேவையில்லை, கலங்கிய நீரிலும் பிழைத்துக்கொள்ளும். நத்தை குத்தி நாரையின் இரண்டு அலகுகளும் நடுவில் சேராமல் ஓர் இடைவெளி இருக்கும். கறுப்பு வெள்ளை மீன்கொத்தி காற்றில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, குத்தென்று விழும். நிறமே பார்க்காமல் இந்த நான்கையும் சொல்லிவிடலாம்.

கட்டாயம் பார்க்க வேண்டிய பறவை எது?

எல்லாரும் பூநாரை என்பார்கள். நான் நீளவால் இலைக்கோழி என்பேன். ஆகாயத்தாமரை இலை மேல் நடக்கும். விரல்கள் அவ்வளவு நீளம், உடல் எடை பரவிவிடுவதால் இலை அமிழாது. இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் நீண்ட வளைந்த வாலும் கழுத்தில் பொன் நிறமும் வரும். பனிக்காலத்தில் வால் இருக்காது, 'வால் எங்கே?' என்று ஏமாறாதீர்கள். குடும்ப ஏற்பாடுதான் விசித்திரம். பெண் பறவை பெரியது. ஒரு பருவத்தில் பல ஆண்களோடு சேர்ந்து, ஒவ்வொருவரிடமும் முட்டைகளை ஒப்படைத்துவிட்டுப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் அப்பாவின் வேலை. இதைச் சொல்லும்போது குழுவில் இருக்கும் கணவன் மனைவியர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதும் பார்க்க வேண்டிய காட்சிதான்.

அடுத்து நீலத் தாழைக்கோழி. சம்புத் தண்டை ஒரு காலால் பிடித்து, கிளி போலத் தூக்கிக் கடித்துத் தின்னும். அவ்வளவு நீலத்தையும் சிவப்பையும் உடம்பில் வைத்துக்கொண்டு இவ்வளவு அலட்சியமாக நடக்கும் பறவையை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

சரி, பூநாரை வருமா?

வரும். தண்ணீர் வடிந்த பிறகு, பெரும்பாலும் கோடையை ஒட்டி. ஜனவரியில் வந்து பூநாரை எங்கே என்று என்னிடம் சண்டை போடாதீர்கள். நான்கு, நாலரை அடி உயரப் பறவை. தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, நீரை அலகால் சலித்து, சிற்றுயிர்களை உண்ணும். இளஞ்சிவப்பு நிறம் உணவிலிருந்து வருவது. இளம் பறவைகள் சாம்பலாகத்தான் இருக்கும். செய்தித்தாளில் வருகிற படம் போல ஒட்டுமொத்தச் சிவப்பை எதிர்பார்த்தால் ஏமாற்றம். அவை எழுந்து பறக்கும் கணத்தில் இறக்கை விரியும்போதுதான் சிவப்பும் கறுப்பும் தெரியும். அதைப் பார்ப்பதற்காக அவற்றைக் கிளப்பி விடுகிறவர்கள் என்னுடன் வர வேண்டாம்.

படம் எடுக்கலாமா?

எடுங்கள். நெருங்காதீர்கள். ஒரு முறை விரட்டப்பட்ட வாத்து, காலை முழுவதும் மேய்ந்து சேர்த்ததில் ஒரு பங்கை எழுந்து சுற்றுவதிலேயே செலவழித்துவிடும். தொலைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பது, தீனி போடுவது, ட்ரோன் பறக்கவிடுவது மூன்றும் கூடாது. கோடையில் நெடுங்கால் உள்ளானும் ஆள்காட்டியும் வெறும் தரையில் முட்டையிடும். முட்டை மண்நிறத்தில் இருக்கும், மிதித்த பிறகுதான் தெரியும். கொக்குத் தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கப் போன கதையாக, ஒரு படத்துக்காகச் சேற்றில் தவழ்ந்து போனவர் ஒருவரை இருவர் சேர்ந்து இழுத்து மீட்டோம். கேமரா மீளவில்லை.

பாம்பு இருக்குமா? என்ன உடுத்துவது?

இருக்கும். தண்ணீர்ப் பாம்பு சாதாரணம். கண்ணாடி விரியனும் உண்டு. மூடிய காலணி, முழு நீளக் கால்சட்டை, நடைபாதையை விட்டு இறங்காமை, மூன்றும் போதும். மங்கிய நிற உடை, தொப்பி, தண்ணீர். இறந்த பறவையைக் கண்டால் கையால் தொட வேண்டாம், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

நாற்றம் எப்படி?

காற்று குப்பைக்கிடங்குப் பக்கத்திலிருந்து வீசினால் மோசம். பத்து நிமிடத்தில் மூக்கு பழகிவிடும்.

இவ்வளவு அழுக்கில் பறவைகள் எப்படி இருக்கின்றன? அப்படியானால் அழுக்கு பரவாயில்லை என்றுதானே பொருள்?

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் குறும்பாகக் கேட்பவர்களும் உண்டு, உண்மையாகவே குழம்பிக் கேட்பவர்களும் உண்டு. கழிவுநீர் வந்து சேரும் ஆழமற்ற நீரில் புழுவும் கொசுக்குடும்பத்துப் பூச்சிகளின் இளம்புழுவும் பெருகும். உள்ளான்களுக்கு அது விருந்து. ஆனால் அதே கழிவு மிகுந்தால் நீரில் உயிர்வளி குறைந்து மீன் சாகும். அப்போது கூழைக்கடாவும் மீன்கொத்தியும் வேறு இடம் தேடும். ஆகாயத்தாமரை பரவி நீரை மூடினால் இலைக்கோழிக்கு நடைபாதை கிடைக்கும். வாத்துக்கு இறங்க இடம் இருக்காது. எண்ணிக்கை குறையாமலேயே வகைகள் குறையலாம். ஆயிரம் பறவைகள் நிற்கின்றன என்பதற்காக நீர் நலமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. எந்த ஆயிரம் என்று பார்க்க வேண்டும்.

முன்பு இது எவ்வளவு பெரியதாக இருந்தது?

1960களில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். இன்று மிஞ்சியிருப்பது அதில் சிறு பகுதி. குடியிருப்புகள், சாலைகள், தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் எல்லாம் வந்தன. கடல் ஆராய்ச்சிக்கும் காற்றாலை ஆராய்ச்சிக்கும் உரிய அரசு நிறுவனங்களே சதுப்புப் பரப்பில் எழுந்தன. உள்ளூர் மக்களும் இயற்கை ஆர்வலர்களும் வழக்கு, மனு என்று ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு, 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் 1,247 ஹெக்டேர் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதே ஆண்டு கரிக்கிலியும் பிச்சாவரமும் சேர்ந்தன.

எஞ்சிய நிலத்தின் மதிப்பு பறவைக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பற்றி வேளச்சேரிக்காரர்களிடம் கேட்கட்டும். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் வீடு கட்டினால், தண்ணீர் வீட்டில் தேங்கும். என் வீட்டுக் கூடத்தில் முழங்கால் அளவு நின்றது. நெடுங்கால் உள்ளானுக்கு அது அதிகம், கூழைக்கடாவுக்குச் சரியாக இருந்திருக்கும்.

இதற்குப் பதில் வேடந்தாங்கலுக்கே போய்விடலாமே?

போங்கள், அதுவும் அருமையான இடம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. வேடந்தாங்கல் கூடு கட்டும் இடம். நீருக்குள் நிற்கும் கடப்ப மரங்களில் பறவைகள் குஞ்சு பொரிப்பதைப் பார்க்கலாம். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால் ஊர்க்காரர்களே தலைமுறைகளாகக் காத்து வருகிறார்கள். பள்ளிக்கரணை சாப்பாட்டுக் கூடம். மேய்வதும் சண்டையிடுவதும் தூங்குவதும் இங்கே நடக்கும். மேலும் வேடந்தாங்கலுக்கு 75, 80 கிலோமீட்டர் போக வேண்டும். இங்கே வேளச்சேரி ரயில் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தால் வந்துவிடலாம்.

இத்தனை பறவைகளை எப்படி எண்ணுகிறீர்கள்?

ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணால் அளந்துகொண்டு, அந்த அளவைக் கூட்டத்தின் மேல் வரிசையாக வைத்துக்கொண்டு போக வேண்டும். பெரிய கூட்டமென்றால் பத்துக்குப் பதில் ஐம்பது. புதியவர்கள் எப்போதும் குறைத்தே மதிப்பிடுவார்கள்.

எண்ண நல்ல நேரம் ஒன்று உண்டு. 7:30 மணி வாக்கில் சேற்றுப் பூனைப்பருந்து கோரைக்கு மேல் தாழப் பறந்து வரும். அதுவரை கோரைக்குள் மறைந்திருந்த வாத்துகள், உள்ளான்கள் எல்லாம் ஒரே வீச்சில் எழும். இருபது என்று எழுதி வைத்திருந்த இடத்தில் இருநூறு இருந்தது அப்போதுதான் தெரியும். அந்தப் பருந்தை நான் எங்கள் கணக்கெடுப்பு அதிகாரி என்பேன்.

எண்ணியதை என்ன செய்வது?

இபேர்ட் என்ற தளத்தில் பட்டியலாகப் பதிவிடலாம்; கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்துவது, கட்டணம் இல்லை. பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுவதும் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் கலந்துகொண்டால் முதல் பட்டியல் போடும் கூச்சம் போய்விடும். தெரியாத பறவையைத் தெரிந்தது போலப் பதிவிடாதீர்கள். 'உள்ளான் வகை' என்று எழுதுவது அவமானம் இல்லை. நான் இன்னும் எழுதுகிறேன்.

குழந்தைகளை அழைத்து வரலாமா?

எட்டு வயதுக்கு மேல் என்றால் தாராளமாக. அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். பெரியவர்கள் தொலைவில் பார்த்துக்கொண்டிருக்கும்போது, காலடிக் கோரையில் மடையான் நிற்பதைக் காட்டுவது எப்போதும் ஒரு சிறுமிதான். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அவர்களைச் சோதிக்க வேண்டாம்.

எப்போது முடியும்? சாப்பாடு?

8:30 மணிக்கு வெயில் ஏறும். கூழைக்கடாக்கள் சூடான காற்றில் ஏறிச் சிறகடிக்காமல் வட்டமிடத் தொடங்கினால் நமக்கும் நேரம் முடிந்தது என்று பொருள். வேளச்சேரியில் இட்லி, பொங்கல். பட்டியலைச் சரிபார்ப்பது அங்கேதான். மேஜைக்கு மேஜை சண்டை நடக்கும்.

ஒன்றுமே பார்க்காமல் திரும்பியதுண்டா?

உண்டு. 2023 டிசம்பரில், புயலுக்கு இரண்டு வாரம் கழித்து. எங்கும் ஒரே தண்ணீர். கோரை முழுவதும் அமிழ்ந்துவிட்டது. கொக்கு நிற்கக்கூட ஒரு திட்டு இல்லை. வந்திருந்த மூவரில் இருவர் அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டார்கள். அந்த நாளின் பக்கத்தை இப்போதும் எடுத்துப் பார்க்கிறேன். முக்குளிப்பான் 11. நீர்க்காகம் 4. அவ்வளவுதான். மேலே, வழக்கம்போல முதல் வரியில்: 'கம்பம் தெரியவில்லை.'